அடுப்பு மேடையில் ஒரு டீ வட்டம்: ஆம்பூரை முன்வைத்து ஒரு முன்னாய்வு

சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோலைப் பற்றி அலசாத பக்கமில்லை. அடுப்பு மேடைதான் அநாதையாகக் கிடக்கிறது. ஆகவே இப்பணி என் தலையில் விழுந்தது. (என் மனைவியின் கூற்றுப்படி, டீ டம்ளரை அங்கே வைத்ததே நான்தான். இது நிற்க.)

ஆய்வுச் சிக்கல் இதுதான்: ஏறிய நிறம் இறங்கக்கூடாது என்பதற்காக வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் தலைமுறைகளாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அதே ஊர்களில், ஏறிய நிறத்தை இறக்க வழி கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள்.

வேதியியல் ஒன்றேதான். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்பான டானின் தோலைப் பதப்படுத்துகிறது. அதன் பங்காளிகள் டீ டிகாக்ஷனிலும் உண்டு. டீ சிந்திய இடத்தில் ஈர தோசைக்கல்லைக் கவிழ்த்தால் இரும்பும் டானினும் கூடிக் கறுக்கும். அந்தக் காலத்தில் எழுதுமை காய்ச்சியது இப்படித்தான். ஆம்பூர் பிரியாணி தரப்பின் பங்களிப்பும் சிறிதல்ல. ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாயின் சிவப்பை எண்ணெய் சுமந்துகொண்டு கிரானைட்டின் நுண்துளைக்குள் இறங்கிவிடுகிறது. மஞ்சளோ சோப்பைக் கண்டதும் சிவக்கும். பதறத் தேவையில்லை, காரம் பட்டால் அதன் குணம் அது.

முந்தைய ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது என் மாமியாருடையது: "எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ங்க மாப்ளே, பளிச்சுன்னு ஆயிடும்." தேய்த்தேன். சிங்க் பக்கத்து மேடை கடப்பாக் கல். கடப்பா சுண்ணாம்புக்கல் இனம். புளி, எலுமிச்சை, தயிர் எதுவும் ஆகாது. புளிப்பு மெருகைத் தின்றுவிட, கறுப்புக் கல்லில் ஐந்து ரூபாய் நாணய அளவில் வெள்ளையாகப் பூத்தது. அதை இனி எந்தப் பொடியாலும் துடைக்க முடியாது, பாலிஷ்காரர்தான் வரவேண்டும். கிரானைட் என்றால் எலுமிச்சையை ஓரளவு தாங்கியிருக்கும். கல்லின் குலம் கோத்திரம் விசாரிக்காமல் கை வைத்தது ஆய்வு முறையியலில் நேர்ந்த பிழை என்று பதிவு செய்கிறேன்.

இனி சட்டப் பின்னணி. பாலாற்றுப் பக்கத்து டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும். கெடுக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரமும் அவரையே சேரும். ஐந்து மாவட்ட டேனரிகளுக்குத் தலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் விழுந்தது. நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் இத்தீர்ப்பை என் மனைவி படித்ததில்லை. ஆனால் வரிக்கு வரி அமல்படுத்துகிறாள். "ஏங்க, நீங்க வைக்கலைன்னா டம்ளர் தானா நடந்து வந்துச்சா?"

நிரூபிக்க முடியவில்லை. கிரானைட் பக்கத்து வட்டத்தின் மேல், மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆப்பசோடாவை இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்துப் பூசினேன். பாலிதீன் தாளால் மூடி ஓரத்தை ஒட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் தாளை எடுத்துக் காயவிட்டேன். காயக் காய அது கறையை உறிஞ்சி மேலே இழுக்கும் என்பது கோட்பாடு.

சாயங்காலம் சுரண்டிப் பார்த்தால் வட்டத்தைக் காணோம். அந்த இரண்டு சாண் இடம் மட்டும் கடையில் வாங்கிய அன்று இருந்த நிறத்தில் மின்னியது. மனைவி வந்து பார்த்தாள். இப்போது மீதி மேடை முழுக்கக் கறை என்கிறாள்.