கணக்கு சரிதான், உலகம்தான் ஒத்துழைக்கவில்லை

உலகம் எப்போது அழியும் என்று நாள் குறிப்பதில் நம் புராணக்காரர்களை யாரும் மிஞ்ச முடியாது. கலியுகம் கி.மு. 3102இல் ஆரம்பம், மொத்தம் 4,32,000 வருஷம் என்று எழுதி வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்னும் நாலேகால் லட்சம் வருஷத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. "ஏன் சாமி, சொன்னபடி அழியலையே?" என்று யாரும் போய்ச் சட்டையைப் பிடிக்க முடியாது. இந்தச் சாமர்த்தியம் இல்லாதவர்கள்தான் தங்கள் ஆயுசுக்குள்ளேயே தேதி போட்டு மாட்டிக்கொண்டார்கள்.

யோஹானஸ் ஸ்டோஃப்லர் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1499இல் ஒரு பஞ்சாங்கம் போட்டார். 1524 பிப்ரவரியில் கிரகங்கள் மீன ராசியில் கூட்டம் போடப்போகின்றன, பெரிய மாறுதல் வரும் என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியை மற்ற ஜோசியர்கள் பார்த்துக்கொண்டார்கள். மீனம் என்றால் மீன், மீன் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் நோவா காலத்து வெள்ளம்! அச்சு யந்திரம் ஊருக்கு ஊர் வந்துவிட்ட காலம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட பிரசுரங்கள் ஐரோப்பா முழுக்கப் பறந்தன. பிரான்ஸின் தூலூஸ் நகரத்தில் ஓரியால் என்ற பெரிய மனிதர் தனக்கென்று ஒரு பேழையே கட்டிக்கொண்டதாகச் சொல்வார்கள். பிப்ரவரி வந்தது, போனது. பேழை மிதக்கவில்லை. ஆனால் அதே வருஷம் ஜெர்மனியில் விவசாயிகள் பிரபுக்களை எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். பெரிய மாறுதல் வரும் என்றுதானே பாதிரியார் எழுதியிருந்தார்? அவர் பாஸ். வெள்ளம் என்றவர்கள்தான் பெயில்.

ஓரியால் பயந்தார், அது மனித இயல்பு. முந்நூறு வருஷம் கழித்து அமெரிக்காவில் ஒரு கூட்டம், ஏசு வந்து தங்களை மேலே அழைத்துப்போவார் என்று, உலகம் அழிவதற்காக ஆசை ஆசையாகக் காத்திருந்தது. அதன் தலைவர் வில்லியம் மில்லர், நியூயார்க் மாநிலத்து விவசாயி. 1812இல் வெடித்த போரில் சண்டை போட்டவர். திரும்பி வந்து பைபிளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தானியேல் புத்தகத்தில் 2,300 நாட்களுக்குப் பிறகு பரிசுத்த ஸ்தலம் சுத்தமாகும் என்று வருகிறது. பரிசுத்த ஸ்தலம் என்றால் பூமி, சுத்தம் என்றால் நெருப்பு, நாள் என்றால் வருஷம் என்று வைத்துக்கொண்டார். பாரசீக ராஜா அர்தசஷ்டா கட்டளை போட்ட கி.மு. 457இல் தொடங்கிக் கூட்டினால் 1843. சரி பார்ப்பதற்கே பல வருஷம் எடுத்துக்கொண்டு, 1831இல்தான் வெளியே சொன்னார்.

நிதானமான மனிதர். தேதி கேட்டவர்களிடம் '1843 வாக்கில்' என்றுதான் சொல்லிவந்தார். நெருக்கினார்கள். 1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21க்குள் என்று இறங்கிவந்தார். பாஸ்டன் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் பத்திரிகை நடத்தி, பிரமாண்டமான கூடாரம் போட்டு, இந்தக் கணக்கை நாடெங்கும் கொண்டுபோனார். சீக்கிரம் மூடப்போகும் உலகத்தில் இவ்வளவு சுறுசுறுப்பாகப் பத்திரிகை நடத்தியவர் வேறு யாருமில்லை.

1844 மார்ச் 22 காலை, சூரியன் வழக்கம்போல் உதித்தது. கணக்கில் ஓட்டை எங்கே என்று தேடினார்கள். இருந்தது! கி.மு. 1க்கு அடுத்தது நேராக கி.பி. 1தான், நடுவில் பூஜ்ய வருஷம் கிடையாது. ஆகவே ஒரு வருஷம் கூட்டு. ஆகஸ்டில் சாமுவேல் ஸ்னோ என்பவர் யூதர்களின் பண்டிகை நாளை வைத்துக் கறாராகத் தேதியே போட்டுவிட்டார்: 1844 அக்டோபர் 22. கூட்டமே ஆடிப்போய் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டது. கணக்கை ஆரம்பித்த மில்லர் மட்டும் தயங்கித் தயங்கி, அக்டோபர் பிறந்த பிறகுதான் சம்மதித்தார். கடைகள் மூடப்பட்டன. கடன்கள் அடைக்கப்பட்டன (கடன் கொடுத்தவர்களைப் பொறுத்தவரை உலக வரலாற்றிலேயே சிறந்த ஜோசியம் இதுதான்). சிலர் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டார்கள். அழியப்போகிற உலகத்தில் கிழங்கு யாருக்கு?

22ஆம் தேதி ராத்திரி முழுக்கக் காத்திருந்தார்கள். விடிந்தது. அழுதார்கள். பாவம், அவர்கள் அழுததைக் கேலி செய்ய மனம் வரவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தாருக்கு மனம் வந்தது. "இன்னும் மேலே போகலையா?" என்று கேட்டே கொன்றார்கள். அன்று காலையே ஹைரம் எட்சன் என்ற பக்தர் மக்காச்சோளக் கொல்லை வழியாக நடந்து போனார். ஊர்க்காரர்கள் கண்ணில் படாமலிருக்கத்தான் அந்த வழி என்பார்கள். பாதிக் கொல்லையில் அவருக்கு ஞானோதயம். தேதி சரி, இடம்தான் தப்பு! பரிசுத்த ஸ்தலம் இருப்பது பரலோகத்தில். சொன்ன தேதியில் அங்கே சுத்திகரிப்பு ஆரம்பமாகிவிட்டது. நமக்குத்தான் தெரியவில்லை.

போய்ச் சரிபார்த்துவிட்டு வந்து மறுப்பவர் யார்? சிதறியவர்களில் ஒரு பகுதியினர் இந்த விளக்கத்தோடு மீண்டும் கூடி, 1863இல் பேட்டில் கிரீக் என்ற ஊரில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையை அமைத்தார்கள். உலகம் உடனே அழியாது என்று ஆனபின் உடம்பைக் கவனிக்க வேண்டியிருந்தது. அதே ஊரில் சபை ஒரு ஆரோக்கிய இல்லம் திறந்தது. அங்கே டாக்டராக இருந்த ஜான் ஹார்வி கெல்லாக், தம்பியோடு சேர்ந்து நோயாளிகளின் காலை உணவுக்காகத் தானியத்தை வேகவைத்து, உருளையில் தட்டையாக்கி அடுப்பில் வாட்டினார். தம்பி 1906இல் அதற்கு ஒரு கம்பெனியே ஆரம்பித்தார். ஆக, இன்று காலை அவசரத்தில் பாலில் கொட்டிச் சாப்பிட்ட கார்ன்ஃபிளேக்ஸ், உலகம் அழியாமல் போனதால் கிடைத்த பிரசாதம்.

ஓரியால் தப்பிக்கப் பார்த்தார், மில்லர் கூட்டம் வரவேற்கப் பார்த்தது. இந்தியாவில் பேரம் பேசினோம். 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கேது என எட்டுப் பேரும் மகர ராசியில் கூடினார்கள். போதாக்குறைக்குச் சூரிய கிரகணம் வேறு. அஷ்டக்கிரகச் சேர்க்கை, உலகம் முடிந்தது என்றார்கள். மூலைக்கு மூலை யாகம். நெய் ஆறாக ஓடியது. உலகம் பிழைத்தது. யாகத்தால்தான் பிழைத்தது என்றவர்களை மறுக்க ஒரே வழி, அடுத்த முறை யாகம் செய்யாமல் விட்டுப் பார்ப்பதுதான். அதற்கு யாருக்கும் தைரியமில்லை. பிப்ரவரி 19இல் பொதுத்தேர்தலே தொடங்கிவிட்டது.

பக்கத்தில் பர்மாவிலும் இதே பயம். பிரதமர் ஊ நூ தோஷம் கழிய மாடு, ஆடு, கோழி முதல் நண்டு வரை விடுதலை செய்தார். உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மார்ச் 2ஆம் தேதி ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து ஊ நூவைக் காவலில் வைத்தார். நண்டுகள் வெளியே, பிரதமர் உள்ளே. உலகம் அழியும் என்று ஜோசியர்கள் அடித்துச் சொன்னபோது, யாருடைய உலகம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.