என்ன வெலைக்கு எடுத்தீய?

போன ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் கேட்டுவிட்டார். இடம், முப்பந்தல் பக்கம் காத்தாடிகளுக்கு நடுவே போகும் ஒரு சரல்பாதை. நேரம், விடிந்தும் விடியாததுமாக. கண்ணுக்கெட்டிய மட்டும் உடைமரம், பனை, காத்தாடி, அதற்கு அப்பால் மலை. வீடு கிடையாது, வண்டி கிடையாது, சாயாக்கடைகூடக் கிடையாது. கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் கொஞ்சம் சத்தமாகவே பாடிக்கொண்டு மிதித்தேன். ஓர் உடைமரத்துக்குப் பின்னாலிருந்து ஆடு வந்தது. ஆட்டுக்குப் பின்னால் அவர் வந்தார். கம்பை நீட்டினார், நிறுத்தினேன். எந்த ஊர், யார் மகன் எதுவும் கேட்கவில்லை. குனிந்து முன் டயரைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். நிமிர்ந்தார்.

“சாரே, இது என்ன வெலைக்கு எடுத்தீய?”

உங்களுக்கும் இப்போது அதுதான் தெரிய வேண்டும். தலைப்பைப் பார்த்ததுமே தொகையைத் தேடிக் கண் கீழே ஓடியிருக்கும். வீண் வேலை, நான் சொல்லப்போவதில்லை. வாகனத் தொல்லை இல்லாமல் சைக்கிள் மிதிக்க நாஞ்சில் நாட்டில் எங்கே போகலாம், எந்த விலக்கில் திரும்பலாம் என்று சொல்வதற்காக எழுதப்படும் கட்டுரை இது. ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். வழி வரும், பொறுங்கள்.

இந்த சைக்கிளுக்கு ‘கிராவல் பைக்’ என்று பெயர். ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பார், தடித்த டயர், தார் இல்லாத பாதையில் போவதற்கென்றே செய்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரில் 2006இல் இருநூறு மைல் போட்டி ஒன்று தொடங்கியது. 2022இல் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் உலகச் சாம்பியன் போட்டியே நடத்திவிட்டார்கள். கிர்கிஸ்தான் மலைகளில் 2018 முதல் ஒன்று, மொராக்கோவின் அட்லஸ் மலையில் 2020 முதல் ஒன்று. மழை குறைந்த மலை, கல்லும் சரலுமான பாதை, ஆளரவம் இல்லாத வெளி, இதற்காக ஐரோப்பாக்காரன் விமானம் ஏறிப் போகிறான். நான் வடசேரியில் ஏறி உட்கார்ந்தால் போதும்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மேற்கே குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் சட்டை காயாது. ஆனால் தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வந்ததும் பச்சை நின்றுவிடும். மேற்குமலை முடியும் இடம் அது. மலை மழையை அந்தப் பக்கமே வாங்கி வைத்துக்கொண்டு, காற்றை மட்டும் கணவாய் வழியே இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்தால்தான் ஈரம். 1809 பிப்ரவரி 10ஆம் தேதி வேலுத்தம்பி தளவாயின் படையை மீறி ஆங்கிலேயர் ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையைப் பிடித்தார்கள். அன்றைக்கு அந்தக் கணவாயில் தொடங்கிய போக்குவரத்து இன்றுவரை ஓயவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பெருவழியில்தான் போக்குவரத்து. கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரிகளுக்கும் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிளுக்கு மிஞ்சும் இடம் எவ்வளவு என்பதை, முழங்கை உரசிப் பார்த்தவன் அறிவான். அப்பா பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்கு ஹெர்குலிஸ் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார். முன்னால் என்னை வைத்துக்கொண்டு, பின்னால் அரிசி மூட்டையோடு, நடுரோட்டில், வழியில் தெரிந்தவர்களிடம் திரும்பிப் பேசிக்கொண்டே போவார். அவர் மகன் ஹெல்மெட் போட்டு, பின்னால் சிவப்பு விளக்கு மின்ன, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரல்வாய்மொழி தாண்டி, காத்தாடி நடுவதற்கு கிரேன் கொண்டுபோக வெட்டிய பாதையைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. கிரேனுக்கு வெட்டியது என்பதால் அகலம் தாராளம், ஏற்றமும் மூச்சு வாங்காது. காத்தாடி பழுதானால் தவிர வண்டி வராது.

ஆள் வருகிறார். டயரை அமுக்குகிறார்.

விலை கேட்பதில் எனக்குச் சண்டையில்லை. கேட்ட பிறகு நடக்கும் கணக்குதான் தாங்கவில்லை. தொகையைச் சொன்ன மறுநொடி நம்மவர் அதை வேறொரு பொருளாக மாற்றியாக வேண்டும், மாற்றாவிட்டால் தூக்கம் வராது. எல்லாருக்கும் பொதுவான முதல் கணக்கு, “இதுக்கு ஒரு பழைய புல்லட் கெடைக்குமே!” அதற்கு மேல் ஊருக்கு ஊர் நாணயம் மாறும். தோவாளையில் பூவில் வரும். பூ வியாபாரி ஒருவர் தொகையைக் கேட்டுக் கண்ணை மூடி, முகூர்த்த நாள் விலைக்கே வைத்தாலும் எத்தனை கிலோ பிச்சிப்பூ என்று கணக்கிட்டு, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. பூதப்பாண்டிப் பக்கம் கோட்டை நெல்லில். “ஒரு கன்னிப்பூ மொத்தமும் ரெண்டு சக்கரத்துல நிக்குவே,” என்றார் ஒரு பெரியவர். அவர் சொல்லும்போது சைக்கிளே லேசாகக் கூனியதாகத் தெரிந்தது. குலசேகரத்தில் ரப்பர் ஷீட். கடற்கரைக்குப் போனால் படகு எஞ்சினில் எத்தனை பங்கு என்று வரும், வலைக்குத் தனிக் கணக்கு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் அகவிலைப்படி நிலுவையில் கணக்குப் போடுவார்கள். போட்டுவிட்டு நிலுவை வராததற்கு நானே காரணம் என்ற தோரணையில் முறைப்பார்கள்.

பவுனில் கணக்குப் போடுவது என் மாமியார். மற்றவர்கள் ஒரு தடவையோடு விடுவார்கள். இவருக்கு அது நடப்புக் கணக்கு. சைக்கிள் வாங்கிய அன்றைக்கே இத்தனை பவுன் என்று மாற்றி வைத்துக்கொண்டார். அந்தப் பவுனுக்கு இன்றைக்கு என்ன விலை என்று பேப்பர் வந்ததும் பார்ப்பார். பவுன் ஏற ஏற, நான் விட்டுவிட்ட பணமும் ஏறும். திண்ணையில் சும்மா சாய்ந்து நிற்கும் சைக்கிள் காலை காபிக்குள் எனக்கு நஷ்டம் தேடித் தந்திருக்கும். “இன்னைக்கும் கூடியிருக்கு, கேட்டீயளா மாப்பிள?” என்பார். சரி, குறைகிற நாளிலாவது எனக்கு ஒரு ஆறுதல் உண்டா என்றால், அன்றைக்கு அவர் பேப்பர் படிப்பதில்லை.

பொய் சொல்லித் தப்பலாம் என்று நினைக்கிறீர்களா? பாதி விலை சொன்னால், “ஏமாத்திட்டானுவ, எங்க மச்சான் கடையில இதுல கால்வாசிக்கு வாங்கித் தந்திருப்பேனே,” என்பார்கள். கால்வாசி சொன்னால் மச்சானுக்கு அதிலும் கால்வாசி. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பினான் என்றால் அவன் படிப்பு, சம்பளம், கல்யாணம் ஆயிற்றா என்பதுவரை போய், ஆகவில்லை என்ற சின்னப் பொய்யும் சொல்லிவிட்டால் ஜாதகத்தில் போய் நிற்கும். யாரோ சும்மா கொடுத்தது என்றால் அந்த யாரோவின் போன் நம்பர் வேண்டும். தெரியாது என்று சொன்னால் அதுதான் இருப்பதிலேயே மோசம், குரலைத் தாழ்த்தி, “வீட்டுக்குத் தெரியாம எடுத்தீயளோ?” என்பார்கள். கேட்பவர் முகத்தில் அப்போதுதான் முதன்முதலாக ஒரு மரியாதை தெரியும்.

ஆட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் எந்தப் பொருளாகவும் மாற்றவில்லை. சைக்கிளைச் சுற்றி வந்தார். “ஸ்டாண்டு எங்க?” இல்லை என்றேன். “கேரியரு?” இல்லை. “மட்கார்டு?” இல்லை. “பெல்லு?” இல்லை. “பூட்டு?” இல்லை. இவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு சைக்கிளில் பாதியைக் கடைக்காரனே வைத்துக்கொண்டான் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. விலை கூடக்கூடச் சாமான் குறையும், இதைவிட உயர்ந்த ரகங்களில் பெடலும் வராது, தனியாக வாங்கிப் பூட்டவேண்டும் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவைத்தேன். அவர் என்னை நம்பவில்லை என்று சொல்லமுடியாது. நம்பியதால்தான் ஆடுகளைச் சற்றுத் தள்ளி ஓட்டிக்கொண்டார்.

டயரைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லியிருக்கமாட்டேன். கடையில் எனக்கு அரைமணி நேரம் வகுப்பு எடுத்தார்கள். 40 மில்லிமீட்டர் அகலம், காற்று குறைவாக வைத்து ஓட்டவேண்டும், கல்லின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், அண்மைக்காலத்தின் பெரிய கண்டுபிடிப்பு என்றார்கள். வீட்டுக்கு வந்து மச்சில் கிடந்த அப்பாவின் ஹெர்குலிஸைப் பார்த்தேன். டயரில் 28 × 1½ என்று பொறித்திருந்தது. ஒன்றரை அங்குலத்தை மில்லிமீட்டராக்கிப் பாருங்கள். பால்காரர், மீன்காரர், தோவாளையிலிருந்து பூக்கூடை கட்டி வந்தவர் எல்லாரும் கிராவல் டயரில்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். அது தெரிந்திருந்தால் பாலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டிருப்பார்கள்.

பஞ்சர் ஆகாது என்றும் கடையில் சொன்னார்கள். டியூப் இல்லாத டயர், உள்ளே ஊற்றிய பால் ஓட்டையைத் தானாக அடைத்துவிடுமாம். நெருஞ்சிக்கு அடைத்தது, பார்த்தேன். உடைமுள் வேறு சாதி. அது ஏறினால் பால் முழுவதும் என் காலில்தான் அடையும்.

காற்று இன்னொரு தனி வழக்கு. முப்பந்தல் வட்டாரத்தில் சுமார் 1,500 மெகாவாட்டுக்குக் காத்தாடி நட்டிருக்கிறார்கள் என்றால் சும்மாவா? தென்மேற்குப் பருவக்காற்று கணவாயில் புகுந்து கிழக்கே பாயும். நாகர்கோவிலிலிருந்து போகும்போது முதுகில் தள்ளும். இந்த வயதிலும் இப்படி மிதிக்கிறோமே என்று எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வரும், பேரனிடம் சொல்ல வாக்கியங்கள் தயாராகும். இசக்கியம்மன் கோயிலில் காணிக்கை போட்டுவிட்டுத் திரும்பினால் அந்தக் காற்று முகத்தில். இறக்கத்திலும் மிதிக்கவேண்டும். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நிற்கும். ஸ்டாண்டு இல்லாமலே நிற்கும் என்று ஆட்டுக்காரரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.

வழிதானே? ஆரல்வாய்மொழி ரயில் நிலையத்தைத் தாண்டி... வேண்டாம். யோசித்துப் பார்த்தால் சொல்வதாக இல்லை. சொன்னால் வருவீர்கள். சைக்கிளில் வந்தால்கூடப் பரவாயில்லை, காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வருவீர்கள். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்கு டிரோன் தூக்கி வருவீர்கள். அப்புறம் அங்கே சாயாக்கடை வரும், பெஞ்சு வரும், பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் டயரை அமுக்குவார்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்ளட்டும்.

இந்த ஸ்டாண்டு, கேரியர் சங்கதியை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னதுதான் இப்போது வினையாகியிருக்கிறது. மனைவி சிரிக்கவில்லை. “அந்த மனுசன் சொன்னதுல என்ன தப்பு? கேரியர் இருந்தா மாவு மில்லுக்காவது போய்ட்டு வரலாம்லா?” என்றாள். பூட்டுவதற்குத் துளையே இல்லை என்றேன். தெருமுனையில் வெல்டிங் கடை இருக்கிறதாம். சீட்டைத் தாங்கும் தண்டு கார்பன், வெல்டிங் பிடிக்காது, எடையும் தாங்காது என்று விளக்கினேன். நான் உட்காருவதைத் தாங்குகிறதே என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்டார். அதற்குப் பதில் யோசிப்பதற்குள் கதம்பைக் கயிறு ஒரு சுருள் எடுத்து வந்துவிட்டார். வெல்டிங் வேண்டாம், இறுக்கிக் கட்டினால் போதும், பத்துக் கிலோ அரிசிதான். இதெல்லாம் சரல்பாதைக்கென்று செய்த சைக்கிள் என்று கடைசியாகச் சொல்லிப் பார்த்தேன். அதனால் என்ன, மில்லுக்குப் போக நல்ல தார் ரோடுதானே என்கிறார்கள்.