எட்டாம் நூற்பாவுக்கு ஓர் உரை

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், இரண்டு எழுத்துக்கு நடுவே கிடக்கும் கோட்டின் நீளத்தை வரையறுத்தல் நுதலிற்று.

நூல் எதுவெனின், செக்டெக். லாடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளுக்காக அடித்த கோப்பை அச்சுக்கு அனுப்புமுன், கறுப்புத் திரையில் இதன் பெயரையும் கோப்பின் பெயரையும் அடித்தால், குற்றங்களை வரி எண்ணோடு கொட்டும் சிறு நிரல். 1990களின் நடுவில் நார்வேக்காரர் யென்ஸ் பெர்கர் தீலமான் ஆக்கியது. எண்ணிட்ட எச்சரிக்கைகள் நாற்பதுக்கு மேல். அனைத்துக்கும் உரை வகுக்க அடியேனுக்கு ஆயுள் போதாது. எட்டாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எட்டாவது சொல்வது இவ்வளவே: கோட்டின் நீளம் தவறாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதை நோக்குக. தவறு என்று அடித்துச் சொல்லவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் “சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கூடிப்போச்சோ?” என்று இலையைப் பார்த்துக்கொண்டே கேட்கும் பெரியப்பாவின் குரல் அது.

லாடெக்கில் கோடு மூவகைப்படும். சொல்லோடு சொல்லை ஒட்ட ஒன்று. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே இரண்டு. வாக்கியத்தினிடையே மூச்சுவிட மூன்று. பக்கம் 12-18 என்று அடித்தால் செக்டெக் முனகும். 12--18 என்றால் அடங்கும். கோட்டுக்கு இப்புறம் என்ன, அப்புறம் என்ன என்பதே அதற்கு அளவுகோல். இருபுறமும் ஓரினமாக இல்லாவிட்டால், இது நமக்குத் தெரியாத விஷயம் என்று சும்மா இருந்துவிடும். ஆய்வரங்குகளில் நான் காணாத பண்பு.

கோடு நீண்டாலோ குறுகினாலோ யாருக்கு என்ன நட்டம் என்று ஒரு தடை எழும். விடை: ஆள்கணக்கு தப்பும். கணிதத்தில் பர்ச்–ஸ்வின்னர்டன்-டையர் ஊகம் என்று ஒன்று உண்டு. விடுவிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று கிளே கணித நிறுவனம் 2000இல் அறிவித்த ஏழு கணக்குகளில் ஒன்று. பெயரில் இருப்பவர் எத்தனை பேர்? இருவர். பிரையன் பர்ச் ஒருவர். பீட்டர் ஸ்வின்னர்டன்-டையர் மற்றவர். டையர் என்று தனியாள் கிடையாது. ஆளையும் ஆளையும் பிரிப்பது இரண்டாக அடிக்கும் நெட்டைக் கோடு, ஒரே ஆளின் பெயரை ஒட்டுவது ஒன்றாக அடிக்கும் குட்டைக் கோடு. இரண்டும் குட்டையாகிவிட்டால், பரிசுப் பணத்தில் பங்கு கேட்க மூன்றாவது ஆள் ஒருவர் முளைத்துவிடுவார்! லாடெக்கின் வழக்கமான பத்துப் புள்ளி எழுத்தில் நெட்டைக்கும் குட்டைக்கும் வேறுபாடு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். டையர் அந்த இடுக்கில்தான் பிறக்கிறார்.

செக்டெக் இதை அறியுமோ எனின், அறியாது. இருமருங்கும் எழுத்து என்று கண்டால், முறையாகப் போட்ட நெட்டைக் கோட்டையும் சந்தேகப்படும். அதற்கென அமைப்புக் கோப்பில் விலக்குப் பட்டியல் எழுதிவைக்க இடமுண்டு. நம் இலக்கணத்தார் இதனைப் புறனடை என்பர். அவசரக்காரர் வரிக் கடைசியில் விழுக்காட்டுக் குறியிட்டு, ‘செக்டெக் 8’ என்று எழுதி, அந்த ஒரு வரிக்கு மட்டும் அதன் வாயைக் கட்டலாம். நான் பெரும்பாலும் அவசரக்காரன்.

சென்ற மாதம் என் பதினான்கு பக்கக் கட்டுரைக்கு அறுபத்தொரு எச்சரிக்கை வந்தது. எட்டாவது மட்டும் இருபத்து மூன்று முறை. இரவு இரண்டு மணிவரை கோடுகளை நீட்டியும் குறுக்கியும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் திரையில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் புரூஃப் பார்க்கும் பெரியவரிடம் பெருமையோடு நீட்டினேன். சிவப்புப் பேனாவைத் திறந்து முதல் பக்கத்திலேயே நிறுத்தினார்.

“கோடெல்லாம் ஜோரா இருக்கு சார். தலைப்புல ‘ஆராய்ச்சி’க்கு ச் எங்கே?”

எழுத்துப் பிழைக்கு அந்நூலில் நூற்பா இல்லை.