சுவிட்ச் ஆய்வாளர்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் நாடுகளுள் ஒன்றான குண்டூர் நாட்டில், மிளகுக் கொடி படர்ந்த மரங்களுக்கும் மரவள்ளிக் காடுகளுக்கும் நடுவே, அண்மைக் காலத்தில் தோன்றியுள்ள மனித வகைகளுள் சுவிட்ச் ஆய்வாளர் தனித்து ஆராயத் தக்கவர். 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று முடக்கத்தின்போது பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வீடு வந்து சேர்ந்து, முடக்கம் நீங்கிய பிறகும் ஏதேனும் ஒரு காரணம் சொல்லி இறங்க மறுத்துவிட்ட மென்பொருள் பணியாளரே பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவராக இருப்பார். தந்தையின் காப்பித் தோட்டத்தை ஒட்டிய அறையொன்றில் மேசை போட்டு அமர்ந்து, அமெரிக்கக் கம்பெனியொன்றின் கணக்கை ஓட்டிக்கொண்டிருக்கும் இவருக்கு, வாழ்வில் இன்னும் தீராத கேள்வி ஒன்றே ஒன்று: எந்த நெட்வொர்க் சுவிட்சை வாங்குவது?

வீட்டுக்குள் வரும் இணையத்தைப் பகிர்ந்து தரும் ரவுட்டரில் கம்பி செருகுவதற்குப் பொதுவாக நான்கு துளைகளுக்கு மேல் இருப்பதில்லை. அவை போதாத வீட்டில் ஐந்து அல்லது எட்டுத் துளைகள் கொண்டு கூடுதல் இணைப்புத் தரும் சிறு பெட்டியே சுவிட்ச் எனப்படுவது. இதற்கு முன் வழக்கிலிருந்த ஹப் என்னும் பெட்டி ஒரு கணினி அனுப்பிய செய்தியை எல்லாத் துளைகளிலும் தண்டோராப் போட்டது. சுவிட்சோ ஒவ்வொரு கருவிக்கும் உரிய மேக் முகவரி என்னும் அடையாள எண் எந்தத் துளையில் இருக்கிறது என்பதைக் கற்று வைத்துக்கொண்டு, தபால்காரரைப் போல உரிய வாசலில் மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறது. இவ்வகைப் பெட்டியை 1990இல் முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் கல்பனா என்பதும், அதைத் தொடங்கிய இருவருள் ஒருவர் வினோத் பரத்வாஜ் என்னும் இந்திய வம்சாவளியினர் என்பதும், 1994இல் சிஸ்கோ அதை விலைக்கு வாங்கிவிட்டது என்பதும் ஆய்வாளருக்குத் தலைகீழ்ப் பாடம். சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருப்பவரையும் நிறுத்தி இதை அவர் சொல்லியிருக்கிறார் என்றால் அது மிகையாகாது.

ஆய்வாளரின் வீட்டில் கம்பியில் இணைக்க வேண்டிய பொருள்கள் மூன்று: அலுவலக மடிக்கணினி, தொலைக்காட்சி, வாசல் கேமரா. அவற்றுக்காக அவர் பார்த்து வைத்திருப்பதோ பதினாறு துளை கொண்ட மேனேஜ்டு சுவிட்ச், அதாவது உள்ளே நுழைந்து அமைப்புகளை மாற்றிக்கொள்ள வழி உள்ள வகை. ஒரே கம்பியின் இரு முனைகளையும் யாரேனும் ஒரே சுவிட்சில் தவறிச் செருகிவிட்டால் செய்திகள் வட்டமடித்துப் பெருகி வலையமைப்பே திணறிவிடும் என்பதும், இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்னும் முறையை ரேடியா பெர்ல்மன் என்னும் பெண்மணி 1985இல் வகுத்தார் என்பதும், விலை மலிந்த பெட்டிகள் பலவற்றில் அம்முறை இருப்பதில்லை என்பதும் இதற்கு அவர் சொல்லும் காரணங்கள்; அவை உண்மையே. வீட்டில் இருக்கும் கம்பிகள் மொத்தம் மூன்று, அவற்றைச் செருகுகிறவரும் அவர் ஒருவரே என்பது மட்டும் இக்கணக்கில் வருவதில்லை.

அடுத்தது வீலேன் ஆசை. ஒரே சுவிட்சைப் பயன்படுத்தும் கருவிகளைத் தனித்தனி வலையமைப்புகளில் இருப்பவைபோல் பிரித்து, ஒன்றின் போக்குவரத்து மற்றொன்றுக்குத் தெரியாமல் வைப்பதே வீலேன். நண்பர் ஒருவரிடம் இரவல் பெற்று வந்த பெட்டியில் இதைச் சோதித்து, தொலைக்காட்சியை 20ஆம் எண் வீலேனில் வைத்த மாலையில் அது அடியோடு நின்றுபோயிற்று. தனி வலையில் வைத்திருப்பதாக மகன் விளக்க, “டிவிய எந்த ஊருக்குடா அனுப்பி வச்சே? சீரியல் முடியறதுக்குள்ள வந்துருமா?” என்று தாய் கேட்டார்.

கொல்லிமலையில் வீட்டு அலுவலகம் முடங்குவதற்குச் சுவிட்ச் காரணமாவது அரிது. கோடை இடி, ஐப்பசி அடைமழை, காற்றில் மரம் சாய்ந்து அறுபடும் மின்கம்பி, மலைப்பாதையில் மண் சரியும்போது கூடவே போகும் ஃபைபர் ஆகியவையே பெருங்காரணங்கள். சுவிட்சோடு தொடர்புடையவற்றிலும் பெட்டியைக் காட்டிலும் முன்னதாகச் சாவது அதற்கு மின்சாரம் தரும் அடாப்டர்தான். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தாலும் மின்னழுத்தம் ஏறி இறங்குவதாலும் விரைவில் உலர்ந்துவிடுகின்றன. வீட்டிலிருந்து தோட்டத்துக் கொட்டகைக்குத் திறந்த வெளியில் இழுத்த செம்புக் கம்பி, அருகே மின்னல் விழுந்தால் எழும் மின்னோட்டத்தைத் தவறாமல் உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். கண்ணாடி இழையான ஃபைபருக்கு அக்குணம் இல்லை. கம்பியிலும் மோசடி உண்டு: செம்பு என்று விற்கப்படுவனவற்றுள் அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவை ஏராளம். நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்துக்குக் கம்பிக்குள் உள்ள நான்கு இணைகளும் வேண்டும், 100க்கு இரண்டே போதும் என்பதால், எலி மற்ற இரண்டில் ஒன்றைக் கடித்துவிட்டால் வேகம் பெரும்பாலும் அமைதியாகப் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆய்வாளர் அப்போதும் சுவிட்சையே குறை சொல்வார்.

இத்தனைக்கும் அவர் அறியாதவர் அல்லர். மழையையும் மின்சார வாரியத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்க வழியில்லை; சுவிட்சை வாங்கலாம். அதனால்தான் கவலை முழுவதும் அந்தப் பெட்டியின்மேல் வந்து குவிகிறது. ஐந்து துளை, கிகாபிட் வேகம், உலோகக் கூடு, விசிறி இல்லாமை, கடையில் எளிதில் கிடைக்கும் அடாப்டர், சில ஆண்டு உத்தரவாதம் என்று பார்த்தால் ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் காரியம் முடிந்துவிடும் என்பதையும், மீதிப் பணம் எர்த் குழிக்கும் மின்னழுத்தக் காப்புக்கும் சிறு யுபிஎஸ்ஸுக்கும் போவதே நியாயம் என்பதையும் அவர் பிறருக்கு வாய் ஓயாமல் எடுத்துச் சொல்வார். தனக்கு வரும்போது மட்டும், அடுத்த மாடல் வரட்டும் என்பார். ஒருநாள் மனம் துணிந்து, வாங்கப் போகும் பெட்டியின் படத்தைத் தந்தைக்குக் காட்டியபோது, “கரண்டே இல்லையேப்பா, இதை எதுல சொருகுவே?” என்ற ஒரே கேள்வியில் ஆய்வு மேலும் ஒரு பருவம் தள்ளிப்போயிற்று.

குண்டூர் நாட்டில் வீட்டு அலுவலகம் அமைக்க எண்ணுவோர் இவரைத் தாராளமாக நாடலாம். ஹப்புக்கும் சுவிட்சுக்கும் வேறுபாடு கேட்கலாம், கல்பனாவின் வரலாறு கேட்கலாம், நல்ல செம்புக் கம்பியைக் கண்டறியும் வழியும் கேட்கலாம். எதை வாங்குவது என்று மட்டும் கேட்க வேண்டா.