லேக் வியூ சித்தப்பா

எங்கள் குடும்பம் கொடைக்கானலில் தங்குவது இரண்டு நாள். கொடைக்கானலில் எங்கே தங்குவது என்று சித்தப்பா முடிவு செய்வதற்கு நாலு மாதம். தை பிறந்ததும் பரணிலிருந்து பழைய பேங்க் டைரி ஒன்று கீழே இறங்கும். அதில் அவர் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவார். வாடகை, சுடுதண்ணி, கக்கூஸ் எந்த மாடல், கார் நிற்க இடம், ஏரி, காடு, குரங்கு. குரங்குக்கு இரண்டு கட்டம்: தொல்லை உண்டா, உண்டென்றால் எத்தனை.

நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி இழுத்து ஓய்வுபெற்றவர். தான் அளக்காத எதையும் நம்பமாட்டார். சித்தி அரைப்படி அரிசி உலை வைத்தேன் என்றால்கூட ஒரு கணம் யோசிப்பார். அப்படிப்பட்டவரிடம் போய் ஒரு காட்டேஜ்காரர், "ஏரிக்கு ரொம்பப் பக்கம் சார்" என்று சொன்னால் என்ன ஆகும்?

"ரொம்பப் பக்கம்னா எத்தனை மீட்டர்?"

"நடக்கிற தூரந்தான் சார்."

"மதுரையிலிருந்து பழனிக்கே நடந்து போறான் தம்பி. மீட்டர் சொல்லு."

சித்தப்பாவிடம் ஒரு தனி அகராதி உண்டு. வீட்டுக்கு வருகிற எவருக்கும் காபிக்கு முன் அதைச் சொல்லிவிடுவார். "லேக் சைடுன்னா ஏரிக்குப் பக்கம், ஆனா ஏரி தெரியணும்னு இல்ல. லேக் வியூன்னா ஏரி தெரியும். ஆனா பக்கத்துல இருக்கணும்னு இல்ல. நியர் லேக்குன்னு போட்டிருந்தா ரெண்டும் இல்ல." அந்தக் கொடைக்கானல் ஏரியே ஒரு வில்லங்கமான சொத்து என்பது அவர் கட்சி. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. தண்ணீர் பள்ளம் கண்ட பக்கமெல்லாம் புகுந்து, நட்சத்திரம் மாதிரி கையும் காலுமாக விரிந்து கிடக்கிறது. சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். "வட்டமா வெட்டியிருந்தா நாலு பேருக்குத்தான் லேக் வியூ. இப்ப பாரு, எந்த மேட்டுல நின்னாலும் ஏதாவது ஒரு விரல் நுனி தெரியும். அதுக்கு ஒரு பால்கனி, பால்கனிக்கு ஆயிரம் ரூபா!"

ஒருமுறை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். குடும்பமே சுற்றி உட்கார்ந்து கேட்டது.

"ஏரி எங்கேருந்து தெரியும்?"

"ரூம்லேருந்தே தெரியும் சார்."

"கட்டில்ல படுத்தா தெரியுமா, எந்திரிச்சு உக்காந்தா தெரியுமா?"

"நின்னா நல்லாத் தெரியும் சார்."

"எங்க நின்னா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பாத்ரூம் ஜன்னல்கிட்ட சார்."

இன்னொருவரிடம் இடம் பட்டாவா, நீர்நிலைப் புறம்போக்கா என்று விசாரித்தார். அவர் பயந்துபோய் போனை வைத்துவிட்டார். மூன்றாவது ஆளிடம், "ராத்திரி காட்டெருமை வருமா?" என்றார். வரும் என்றால் இந்த மனுஷர் மகிழ்வாரா மிரள்வாரா என்று அந்த ஆளுக்குப் பிடிபடவில்லை. "வேணும்னா வரும் சார்" என்றார். இதுவரை எவரும் சித்தப்பாவுக்குச் சொன்னதில் இதுவே சிறந்த பதில் என்பேன்.

ஊர்க்காரர்கள் எழுதி வைக்கும் விமர்சனங்களைப் படிப்பதற்கும் அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. "அஞ்சு ஸ்டார் போட்டவன் ஓனரோட மச்சான். ஒரு ஸ்டார் போட்டவன் பக்கத்து காட்டேஜ்காரன். மூணு போட்டிருக்கான் பாரு, அவன்தான் உண்மையிலேயே தங்கினவன்."

காட்டேஜே வேண்டாம், காட்டுக்குள் கூடாரம் போட்டுப் படுப்போம் என்று ஒரு வருஷம் என் தங்கை கிளப்பிவிட்டாள். சித்தப்பா முகத்தில் தனி ஒளி. டைரியில் புதுப் பக்கம் திருப்பினார். முதலில் பேரிஜம். சோலைக்காட்டுக்கு நடுவே அமைதியான ஏரி. ஆனால் வனத்துறை அனுமதிச்சீட்டு வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டுப் பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். அதுவும் யானை வந்துவிட்டது என்று அடிக்கடி வழியை அடைத்துவிடுவார்கள். "யானை எத்தனை நாள் தங்குதோ, அத்தனை நாள் நமக்குத் தங்க இடமில்ல" என்று அடித்துவிட்டார். அடுத்தது பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர். பச்சைப் புல்வெளி, ஏரி, பரிசல், மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம். "ஆடு பாக்கவா அம்புட்டு தூரம்? நம்ம சந்துல இல்லாத ஆடா?" என்றார் சித்தி. பெரியப்பாவோ தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, "கூடாரத்துக்குள்ள குனிஞ்சு போயிருவேன்டா. வெளிய எடுக்க மூணு பேர் வேணும்" என்றார். சித்தப்பா அந்தப் பக்கத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். கை கொஞ்சம் நடுங்கியது.

இந்தப் பெரியப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "எனக்கு எதுவானாலும் சரிப்பா" என்பார். அப்படிச் சொல்கிறவர்கள்தான் போய்ச் சேர்ந்த பத்தாவது நிமிஷம் தலையணை சரியில்லை என்பார்கள். சித்தப்பாவைப் பார்த்துச் சிரிக்கிற நாங்கள் யாரும், ஒரு வருஷமாவது அந்த டைரியைக் கையில் வாங்கியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பங்குனி, சித்திரையில் மதுரை எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில் சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து மலைக்குப் போன் போடுவார். "அங்க இப்ப குளிர் எப்படி?" என்று கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பி, "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறை" என்பார்.

இப்படி அலசி அலசி அவர் ஒன்றை முதல் இடத்தில் வைப்பதற்குள், வேறு எவனோ நாலு நிமிஷத்தில் யோசித்து அதற்கு அட்வான்ஸ் போட்டிருப்பான். மே மாதம், பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, சீசன் ரேட். பட்டியலில் மூன்றாவதாக இருந்ததுதான் எங்களுக்கு வாய்த்தது. இ-பாஸ் மட்டும் நொடியில் எடுத்துவிட்டார். 2024 மே முதல் கொடைக்கானல் ஏறுகிற வண்டிகளுக்கு அது கட்டாயம். "இதுல தேர்வு பண்ண ஒண்ணுமே இல்லையேப்பா" என்று ஏமாற்றத்தோடு சொன்னார்.

போய் இறங்கியதும் பெட்டியை எடுக்கவில்லை. கேட்டிலிருந்து ஏரிக்கரை வரை எட்டு வைத்து நடந்தார். திரும்பி வந்தவர் மூச்சு வாங்க, "எழுநூறு மீட்டர் வருது. நீ இருநூறுன்னே" என்றார் காவல்காரரிடம். "நேரா உருண்டா இருநூறுதான் சார். ரோட்டுல போனாத்தான் எழுநூறு."

அறைக்கு லேக் வியூ உண்டு, தனிக்காசு. ஆனால் நாங்கள் பால்கனிக் கதவைத் திறந்த நேரம் மூடுபனி ஏறி வந்து ஏரியை மட்டுமல்ல, பால்கனிக் கம்பியையே மறைத்துவிட்டது. சித்தி வெள்ளையாகக் கிடந்த வெளியைப் பார்த்து, "இதுக்கா ஆயிரம் ரூபா?" என்றார். இரவு சாப்பிடப் போகக் கதவைத் திறந்தால் காருக்குப் பக்கத்தில் கருப்பாக ஒரு காட்டெருமை, வாடகைக்கு எடுத்த மாதிரி அசையாமல் நிற்கிறது. கொண்டுபோன புளியோதரையும் முறுக்கும் அன்றைக்கு உயிர் காத்தன. சித்தப்பா மட்டும் டைரியை எடுத்து, காடு என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார்.

காலையில் பனி விலகியது. ஏரி அப்படியே கண்ணாடி மாதிரி கிடந்தது; அக்கரையில் மரங்கள் தலைகீழாக நின்றன. எல்லோரும் பால்கனிக்கு ஓடினோம். சித்தப்பாவைக் காணோம். பார்த்தால் பக்கத்து காட்டேஜ் வராந்தாவில் அவர் வயதுக்காரர் இன்னொருவருடன் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியிலும் ஒரு நோட்டு. இருவரும் ஏரிக்கு முதுகு காட்டியபடி, கீசர் எத்தனை லிட்டர், கட்டில் கிரீச்சிடுகிறதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறவிகள் தோறும் பிரிந்திருந்த சகோதரர்கள் சேர்ந்த மாதிரி இருந்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

"நீங்க எவ்வளவு குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டார் சித்தப்பா.

அவர் சொன்ன தொகை எங்களுடையதைவிட நானூறு குறைவு.

அதன்பிறகு படகில் சித்தப்பா பேசவில்லை. வெள்ளி அருவியில் பேசவில்லை. மலை இறங்கும் வளைவுகளில் பெரியப்பா தலையணையைப் பற்றிச் சொன்னபோதுகூட வாயைத் திறக்கவில்லை. வத்தலக்குண்டில் காபிக்கு நிறுத்தினோம். தம்ளரைக் கையில் பிடித்தபடி என் பக்கம் சாய்ந்தார்.

"அவங்க ரூம்லேருந்து பாத்தா ஒரு யூகலிப்டஸ் மரம் குறுக்க நிக்கிது. கவனிச்சியா?"

அந்தப் பக்கமே நான் போகவில்லை. "கவனிச்சேன் சித்தப்பா."

"ஏரிய மறைக்குதுல்ல?"

"பாதிக்கு மேல மறைக்குது."

ஒரு வாய் காபி குடித்தார். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "தம்பி, வடை சூடா இருக்கா?" என்றார்.