நிர்வாகச் செலவு

1997-இல் திண்டுக்கல் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நான் சொன்ன முதல் ஆலோசனை, ஜீப்பை விற்றுவிடுங்கள் என்பது. எனக்கு இருபத்தெட்டு வயது. கையில் எம்.காம். பட்டமும் ஒரு கால்குலேட்டரும். இயக்குநர் ஐம்பதைத் தாண்டியவர், மலைக் கிராமங்களில் பாதி ஆயுளைக் கழித்தவர். "ஜீப் இல்லாம சிறுமலைக்கு எப்படிப் போறது தம்பி?" என்றார். "பஸ் இருக்குல்ல சார்" என்றேன். அதுவரை நான் சிறுமலைக்குப் போனதே இல்லை.

ஜீப் போனது, ஜெர்மனியிலிருந்து பணம் வந்தது. நிர்வாகச் செலவைக் குறைத்துக் காட்டுகிற பையன் என்று பெயர் வாங்கிவிட்டேன். அந்தப் பெயரை வைத்தே மதுரையில் வாடகைக்கு ஓர் அறை பிடித்து, வாசலில் 'ஆலோசகர்' என்று பலகையும் மாட்டினேன்.

அன்று எங்கள் தொழிலின் மூலமந்திரம் லாக்ஃப்ரேம். நாலு வரிசை, நாலு பத்தி, பதினாறு கட்டம். 1960-களின் கடைசியில் அமெரிக்க அரசின் அயல்நாட்டு உதவித் துறைக்காக உருவானது. ஜெர்மானியர்கள் அதோடு வண்ண அட்டைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பெண் தண்ணீருக்காக நடக்கும் தூரம் அதில் ஒரு 'குறியீடு'. மழை பெய்யும் என்பது கடைசிப் பத்தியில் 'அனுமானம்'. மழை பெய்யாமல் போனால் திட்டம் தோற்றதாக அர்த்தமில்லை, அனுமானம் பிசகியது, அவ்வளவுதான். இவ்வளவு கருணையுள்ள அட்டவணையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பகலில் தொண்டு, மாலையில் தொழில். படித்த வேலையில்லாதவர்களுக்காக 1993-இல் தொடங்கிய பிரதமர் ரோஜ்கார் யோஜனாவில் கடன் கேட்டு வரும் பையன்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுக் கொடுப்பேன். முதல் வருடம் உற்பத்தித் திறனில் 60 சதவீதம், அடுத்து 70, அப்புறம் 80. ஊறுகாய்க்கும் அதே கணக்கு, ஹாலோ பிளாக்குக்கும் அதே கணக்கு. 80-ஐத் தாண்டினால் வங்கி மேலாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "என்ன தம்பி, ரொம்ப ஆசைப்படுறான் போல" என்பார். பையன் என்னை முறைப்பான். ஆசை என்னுடையது, கடன் அவனுடையது.

இன்று சென்னைத் தரமணியில் அதே வயதுப் பையன்கள் என்னை 'மென்டர்' என்கிறார்கள். 2016 ஜனவரியில் ஸ்டார்ட்அப் இந்தியா வந்த பிறகு கிடைத்த பதவி உயர்வு. இங்கே 80 சதவீதம் என்று சொன்னால் முதலீட்டாளர் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார். கோடு செங்குத்தாக ஏற வேண்டும். அன்று நஷ்டத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். இன்று மாதம் எவ்வளவு 'பர்ன்' என்று முதல் ஸ்லைடிலேயே போடுகிறோம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். என் வாழ்நாளில் நான் எழுதிய வருமான மதிப்பீடுகளை முழுதாக நம்பியவர்கள் வருமான வரித்துறையினர் மட்டுமே. 2012-இல் வந்த ஏஞ்சல் வரி, பங்கின் நியாய மதிப்புக்கு மேல் வாங்கிய பணத்தை வருமானமாகப் பார்த்தது. ஐந்தாம் வருடம் இவ்வளவு வரும் என்று எழுதியிருக்கிறீர்களே, ஏன் வரவில்லை என்று ஒரு பையனுக்கு நோட்டீஸ் வந்தது. வங்கியும் கேட்டதில்லை, ஜெர்மானியரும் கேட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. 2024 பட்ஜெட்டில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இனி என்னை யார் அவ்வளவு கவனமாகப் படிப்பார்கள்?

நடுவில் சுனாமி. 2004 டிசம்பருக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் விடுதி அறை கிடைக்காத அளவுக்கு எங்கள் ஆட்கள் குவிந்தோம். பணம் நிறைய, காலக்கெடு குறைவு. படகு என்றால் எண்ணிக் காட்டலாம், புகைப்படம் எடுக்கலாம். ஃபைபர் படகுகளாக வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். எல்லோருடைய ஆலோசகரும் அதையே சொல்லியிருந்தார்கள். கூலிக்குக் கடலுக்குப் போனவர்களும் படகுக்காரர்கள் ஆனார்கள், கூட வர ஆள் கிடைக்காமல் சில படகுகள் மணலிலேயே கிடந்தன. அந்த அறிக்கையில் குறியீடு நூறு சதவீதம் எட்டப்பட்டது. அதைப் பற்றி இப்போது அதிகம் பேசுவதில்லை.

தொண்டு நிறுவனங்களிடம் கம்பெனி மாதிரி நடந்துகொள்ளுங்கள் என்று பதினைந்து வருடம் சொன்னேன். 2014 ஏப்ரலிலிருந்து, பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் வந்ததும், கம்பெனிகளுக்குத் தொண்டு நிறுவனம் மாதிரிப் பேசக் கற்றுக்கொடுத்தேன். ஸ்லைடு அதேதான். 'பயனாளி' இருந்த இடத்தில் 'பங்குதாரர்', அவ்வளவுதான்.

2020 செப்டம்பரில் அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். கொடைக்கானல் மலைக்காட்டில் வேலை செய்கிறவர்களும் டெல்லி நாடாளுமன்றத் தெரு ஸ்டேட் வங்கியில்தான் கணக்குத் தொடங்க வேண்டும். வந்த பணத்தைச் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20.

திண்டுக்கல் நிறுவனத்தை இப்போது இயக்குநரின் மகள் நடத்துகிறாள். "இருபதுக்குள்ள அடக்கணும் அங்கிள். எதை வெட்டுறது?" என்று போன் செய்தாள். எது எதெல்லாம் நிர்வாகச் செலவு என்று விதியை எடுத்துப் பார்த்தேன். வண்டி ஓட்டும் செலவு, அறிக்கை எழுதித் தாக்கல் செய்யும் செலவு, சட்ட, தொழில்முறைக் கட்டணம். இருபத்து மூன்று வருடமாக நான் சாப்பிட்ட சோறு கடைசி இரண்டு வரிகளில் இருந்தது.

"பொலிரோவை வித்துடலாமேம்மா" என்றேன்.

"அங்கிள் அதைத்தான் முதல்ல சொல்வார்னு அப்பா சொன்னாங்க." சிரித்தாள். "வண்டி இருக்கட்டும். மத்ததை நேர்ல பேசிக்கலாம். வியாழக்கிழமை சிறுமலைக்கு வர்றீங்களா? வண்டி அனுப்பட்டுமா?"

"வேண்டாம்மா," என்றேன். "பஸ் இருக்குல்ல."