தைத்தலும் தைக்கப்படுதலும்: தேவ்நார்ச் சான்றுகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி

முள்ளும் தைக்கிறது, தையற்காரரும் தைக்கிறார். இவ்விரண்டு காரியங்களுக்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லை வைத்திருப்பது சொற்பஞ்சத்தாலா, அல்லது முன்னோர்கள் எதையோ பட்டு அறிந்ததாலா என்னும் வினா, இலக்கண உலகில் இதுகாறும் உரிய மரியாதையுடன் எழுப்பப்படவில்லை. சொற்பஞ்சம் என்போரின் பட்சத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். யானைக்கு அத்தனை பெயர் வைத்த மொழிக்கு ஊசி வேலைக்கென்று இன்னொரு சொல் அகப்படாமலா போயிருக்கும்? அனுபவமே காரணம் என்பதுதான் நமது சித்தாந்தம். அதற்குரிய பிரத்தியட்சப் பிரமாணம் பம்பாயைச் சேர்ந்த தேவ்நாரில், 1974-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், பன்னிரண்டு வயது மாணாக்கன் ஒருவனுடைய இடக்கை ஆட்காட்டி விரலில் கிடைத்தது. அவ்விரல் இக்கட்டுரையாசிரியனுடையது.

பிரத்தியட்சத்துக்கு முன் சப்தப் பிரமாணத்தைப் பார்த்துவிடுவது சாஸ்திர முறை. 'தையல்' என்பது தைக்கும் தொழிலையும் குறிக்கும், அழகையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். வைத்தீஸ்வரன்கோயிலில் அம்பிகைக்கே தையல்நாயகி என்றுதான் திருநாமம். சிலப்பதிகாரத்தில் இந்திர விழவு ஊர் எடுத்த காதையைப் புரட்டினால், புகார் நகரத்துத் தொழிலாளரிடையே துணி தைக்கும் துன்னகாரரும், அவரை அடுத்துத் தோல் தைக்கும் துன்னரும் நிற்கக் காணலாம். இளங்கோவடிகள் அடுத்தடுத்து நிறுத்திய இவ்விரு வகுப்பாரும் பம்பாயிலும் வெகுதூரம் பிரிந்துவிடவில்லை: தோலின் துன்னர் தாராவியில் பையும் இடுப்புவாரும் தைத்துக்கொண்டிருக்க, துன்னகாரர் தாராவியின் மாடி அறைகளிலும், தேவ்நாரை ஒட்டிய பைங்கன்வாடிச் சந்துகளிலும் சட்டையும் சுடிதாரும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு முரண்பாடு. பெயர் பெண்ணுக்கு; கடையோ ஆண்களுக்கு. அக்கடைகளில் வித்தை பயிலும் சிறுவனுக்குக் 'காஜாப் பையன்' என்று பெயர். இவன் குருகுலவாசத்தை மறந்தும் மிஷினில் தொடங்குவதில்லை. கடையைப் பெருக்கி, இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போட்டு, எதிர்க்கடையில் தேநீர் வாங்கி வந்து, அதன் பின்பே ஒரு சட்டையும் ஊசியும் கையில் பெற்று, பொத்தான் துளைகளின் விளிம்பைச் சுற்றி நூல் கட்டிக் கட்டிக் காலம் கழிப்பான். கட்டிங் மாஸ்டரின் கத்தரிக்கோலைத் தொடுவது மகா பாதகம். அதைக்கொண்டு காகிதம் வெட்டுவது அதனினும் பெரிய பாதகம், ஏனெனில் காகிதம் கத்தரியின் கூரைக் கொன்றுவிடும். உபநிஷத்து மாணாக்கர் மாடு மேய்த்த கதையை வியந்து பேசுவோர் காஜாப் பையனைக் கண்டுகொள்ளாதது எனக்கு நெடுநாள் மனக்குறை.

நான் அவ்வழியே வந்தவனல்லன். எங்கள் 'சால்' என்னும் வரிசை அறைக் குடியிருப்பில் அடுத்த அறையில் குடியிருந்த, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு பெரியம்மாளே எனக்கு ஆசாரியர். 1927 முதல் நகரத்தின் குப்பையெல்லாம் வந்து சேரும் மேடும், 1971-இல் திறக்கப்பட்ட இறைச்சிக்கூடமும் தேவ்நாருக்குப் புகழ் தேடித் தந்திருந்த அக்காலத்தில், காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதென்பதை எங்கள் தெருவில் மூக்கே அறிவித்துவிடும். பெரியம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஜாக்கெட் தைப்பாள். சமூக விஞ்ஞானம் போதிக்கும் டாட்டா நிறுவனம் 1954 முதல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், இம்மூடிய கதவுக்குப் பின் நிகழ்ந்த போதனாமுறையை ஆராய ஒருவரும் வந்து தட்டவில்லை.

முதல் மூன்று நாள் ஊசியே கிடையாது, மிதி மட்டுந்தான். காலால் மிதிக்கும் தையல் மிஷின் பார்வைக்குப் பரம சாது. ஆனால் புதியவன் காலை வைத்தவுடன் அதன் சக்கரம் முன்னோக்கிச் சுற்றுவதாகப் பாவனை காட்டிப் பின்னோக்கிச் சுற்றும். நூல் கோத்திருந்தால் அக்கணமே அறும். பெரியம்மாவின் உபதேசம் ஒன்றே: "ஏலே, கையால சக்கரத்த ஒம் பக்கமா இழுத்து விட்டுட்டுல்லா காலை அமுக்கணும்!" நான்காம் நாள் நூலில்லா ஊசியால் பழைய தினசரியின் பத்திக்கோடுகளின் மேல் ஓட்டினேன். கோடு நேராக இருந்தது. துளைகள் மட்டும் தலைப்புச் செய்தியிலிருந்து கிளம்பி வரன் விளம்பரத்தில் போய் முடிந்தன. மழைக்கு நெகிழ்ந்த தோல் பெல்ட்டு வேறு அடிக்கடி வழுக்கிற்று. அதைக் கழற்றி ஒரு விரற்கடை வெட்டிக் கம்பிக் கொக்கியால் மறுபடி மாட்டுவதும் பாடத்திட்டத்தில் சேர்ந்தது.

நூல் கோத்தபின் வேறொரு தத்துவம் வெளிப்பட்டது. மேல் நூலை ஊசி கீழே இறக்கும். ஏறுகையில் அங்கு விழும் சிறு வளையத்தை ஷட்டில் பற்றி, பாபின் நூலைச் சுற்றிக் கொண்டுபோகும். இரு நூல்களும் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். துணியின் அடிப்பக்கத்தில் நூல் குருவிக்கூடு போலக் குவிந்தால், புதியவன் பாபினைக் கழற்றிக் கழற்றிப் பார்ப்பான். கோளாறோ பெரும்பாலும் மேல் நூலில். கீழே சிக்கல் தெரிந்தால் மேலே இருப்பவரை விசாரிக்கவேண்டும் என்னும் இவ்விதி ராஜாங்க காரியங்களுக்கும் பொருந்துமா என்பது என் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

இனி ஊசியின் காது. துறவுக்குப் பட்டினத்தார் காட்டிய ஊசி காதற்றது. அமெரிக்காவின் எலியாஸ் ஹவ் 1846-இல் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலோ காது தலையை விட்டு முனைக்கு அருகே இறங்கிவிட்டது. நுனியில் துளையுள்ள ஈட்டிகளைக் கனவில் கண்டு அவர் இந்த உபாயத்தை அறிந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. 1851-இல் காப்புரிமை பெற்ற சிங்கரோ தம் மனைவி ஊசியோடு படும் பாட்டைக் கண்டு இரங்கி மிஷின் செய்தார் என்று காந்தியடிகள் 1924-இல் ஓர் உரையாடலில் நெகிழ்ந்து சொன்னார். சிங்கருடைய குடும்பங்கள் ஒன்றல்ல, பல என்பதை அடிகளிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

எட்டாம் நாள், தந்தையாரின் பழைய காக்கிக் கால்சட்டையில் ரேஷன் பை ஒன்று தைக்க முற்பட்டேன். மூன்று பக்கம் அடித்தபின் நிறுத்தவேண்டும். சக்கரம் வசப்பட்ட குதூகலத்தில் நான்காம் பக்கத்தையும் அடித்து வாயை மூடினேன். மூடிய இடத்தில் காக்கி நாலு மடிப்பு. அதை உந்தப் போன விரலின் நகத்தில் ஊசி இறங்கிற்று, முறிந்தது. தைத்தல் என்னும் வினையின் இரு பொருளும் ஒரே கணத்தில், ஒரே ஆளிடத்தில், ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாயின.

பெரியம்மா விரலில் மஞ்சள் வைத்துக் கட்டினாள்; பையைப் பிரிக்க அரை பிளேடை எடுத்து வைத்தாள்; பின்பு மிஷினைக் குனிந்து பார்த்தாள். முனையோடு காதும் போய்விட்டபடியால் பிடியில் மிஞ்சி நின்றது பட்டினத்தாருடைய ஊசி.

"ஏலே, அழாம போயி பதினாறாம் நம்பர் ஊசி ஒண்ணு வாங்கிட்டு வா," என்றாள். "காது இருக்கான்னு பாத்து வாங்கு."